பத்தாம் வகுப்பு வந்தால் சாரணர் படையை விட்டுவிட வேண்டுமா?

8 ஜூன் 2025, கேள்வி

மகன் பத்தாம் வகுப்புக்குப் போயிருக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து சாரணர் (ஸ்கவுட்) படையில் இருக்கிறான். சனிக்கிழமை காலை மூன்று மணி நேரம் அதற்கே போகிறது. வருஷத்துக்கு இரண்டு முகாம், சீருடைச் செலவு வேறு. வாழ்க்கைத் திறன் வளரும், நாலு பேரோடு பழகுவான் என்று பள்ளியில் சொல்கிறார்கள். நான்கு வருஷத்தில் நான் பார்த்தது கயிற்றில் முடிச்சுப் போடுவதும் சல்யூட் அடிப்பதும்தான். சான்றிதழைத் தவிர இதில் ஏதாவது இருக்கிறதா? பெற்றோர் யாராவது உண்மையைச் சொல்லுங்கள்.

9 ஜூன் 2025

இருக்கிறது. விட வேண்டாம்.

நான் அறந்தாங்கியில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் பெரியவனும் பத்தாம் வகுப்புதான், அவனும் ஆறிலிருந்து சாரணன். அவன் படைக்குக் கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃப் முழுக்க நான்தான் தைத்துக் கொடுக்கிறேன். அதனால் மாதம் ஒரு தடவையாவது அந்தப் பிள்ளைகள் கடைக்கு வந்துபோவார்கள், அவர்கள் பேசுவதும் சண்டை போடுவதும் என் காதில் விழும். நான்கு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முடிச்சும் சல்யூட்டும் வெளியே தெரிகிறவை, அவ்வளவுதான். வேலை நடப்பது அணியில். ஆறேழு பிள்ளைகள் ஓர் அணி, அதற்கு அவர்களில் ஒருவனே தலைவன். அந்த ஆறேழு பேர் பெரியவர்கள் தலையிடாமல் ஒரு காரியத்தை முடிக்கிறார்களா என்று பாருங்கள். முடிக்கிறார்கள் என்றால் உங்கள் மகன் கற்றுக்கொண்டிருக்கிறான்.

பள்ளிச் சீருடைத் தையல் குவிந்து கிடக்கிறது, மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

12 ஜூன் 2025

ஒரு சம்பவம் சொல்கிறேன். பெரியவன் எட்டாம் வகுப்பில் அணித்தலைவன் ஆனான். அரையாண்டு விடுமுறையில் பள்ளி மைதானத்திலேயே இரண்டு ராத்திரி முகாம். ஒவ்வொரு அணியும் தானே சமைத்துச் சாப்பிட வேண்டும். யார் எதைக் கொண்டுவருவது என்று அணித்தலைவன் எழுதிக் கொடுப்பான். அரிசி, பருப்பு, புளி, எண்ணெய், காய் எல்லாம் எழுதியவன் உப்பை விட்டுவிட்டான். மூன்று செங்கல் வைத்து அடுப்பு, முந்தின நாள் மழையில் நனைந்த விறகு. ஏழு மணிக்குப் பற்ற வைத்தது ஒன்பதரைக்குத்தான் சோறானது. உப்பில்லாத சோறு.

சாரண ஆசிரியர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் பையில் உப்பு இருந்தது. கொடுக்கவில்லை.

மறுநாள் காலை இது தெரிந்ததும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவே கொதித்தது. அதில் நானும் ஒருத்தி. அவருக்கே போன் போட்டுக் கத்தினேன். "பிள்ளைங்க பசியோட கிடக்கறத பாத்துக்கிட்டு எப்படி சார் உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டேன். அவர் பொறுமையாக, "பசியோட இல்லம்மா, உப்பில்லாமச் சாப்பிட்டாங்க. நான் குடுத்திருந்தா அடுத்த முகாமுக்கும் நான்தான் குடுக்கணும்" என்றார். அன்றைக்கு அது எனக்குத் திமிராகத்தான் பட்டது. அடுத்த முகாமுக்கு என் மகன் எழுதிய பட்டியலைப் பார்த்த பிறகுதான் அவர் சொன்னது விளங்கியது. தீப்பெட்டிக்குப் பக்கத்தில் 'இரண்டு, ஒன்று பிளாஸ்டிக் கவரில்' என்று எழுதியிருந்தான். வீட்டில் குடையை எடுத்துப் போ என்று நான் தினமும் சொல்லியும் கேட்காத பிள்ளை அவன்.

14 ஜூன் 2025

முந்தின குறிப்பில் தவறு இருக்கிறது. பெரியவன் அதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி என்னிடம் வந்து உட்கார்ந்தான். "அம்மா, உப்பு ஒரு விஷயமே இல்ல. பக்கத்து அணிக்கு ரெண்டு குடம் தண்ணி தூக்கிக் குடுத்து உப்பு வாங்கிட்டோம். சோத்துலதான் இல்ல, ரசத்துல இருந்துச்சு" என்றான். ரசமா, நீங்கள் சாம்பார் வைப்பதாகத்தானே இருந்தது என்று கேட்டேன். அப்புறம்தான் முழுக் கதையும் வந்தது.

அரைக் கிலோ துவரம்பருப்பு கொண்டுவர வேண்டிய பையன் கொண்டுவரவில்லை. பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன் என்றான். அணியில் எல்லோரும் அவனைத் திட்டினார்கள், என் மகன்தான் அதிகம் திட்டினானாம். ராத்திரி கூடாரத்தில் எல்லோரும் தூங்கிய பிறகு அந்தப் பையன் அழுவது கேட்டிருக்கிறது. பருப்பு பஸ்ஸில் தொலையவில்லை, வீட்டிலேயே இல்லை. அவன் அம்மா அந்த வாரம் வேலைக்குப் போகவில்லை. வாங்கித் தரச் சொல்லி அம்மாவிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை, வந்து சொல்லவும் வெட்கம்.

அடுத்த முகாமிலிருந்து என் மகன் பட்டியலை வேறு மாதிரிப் போட்டிருக்கிறான். சாமான் கொண்டுவருவது சிலருக்கு, விறகு பொறுக்குவது, தண்ணீர் எடுப்பது, அடுப்பு மூட்டுவது சிலருக்கு. எல்லாம் ஒரே தாளில், எது உசத்தி எது தாழ்த்தி என்று தெரியாதபடி கலந்து. ஏன் இப்படி என்று அணியில் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் ஒன்றரை வருஷமாகச் சொல்லவில்லை.

தீப்பெட்டியைப் பார்த்துவிட்டு அவன் பொறுப்பாகிவிட்டான் என்று நான் நினைத்திருந்தேன். அவன் கற்றது எது என்று நேற்றுதான் எனக்கே தெரிந்தது. கேள்வி கேட்ட சாருக்குச் சொல்கிறேன், நான்கு வருஷத்தில் முடிச்சைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லை என்றீர்கள். நானும் பார்க்கவில்லை சார்.

21 ஜூன் 2025

"இதெல்லாம் வெள்ளைக்காரன் தன் ராணுவத்துக்கு ஆள் பிடிக்க உண்டாக்கியது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் ராணுவ அதிகாரி என்பது உண்மை. ஆனால் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பிரவுன்சீ தீவில் அவர் நடத்திய முதல் முகாமில் வசதியான பள்ளிகளில் படித்த பையன்களையும் தொழிலாளர் வீட்டுப் பையன்களையும் சேர்த்தே வைத்தார். நான்கு அணிகளாகப் பிரித்தபோது இரண்டு தரப்பையும் கலந்துதான் பிரித்தார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் அது சாதாரண விஷயம் இல்லை.

நம் ஊருக்கு வந்தபோது அந்தக் கலப்பு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே தொடக்கத்தில் இந்தியப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அன்னி பெசன்ட் சென்னையில் நம் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார். பல சங்கங்களாகக் கிடந்தவை சுதந்திரத்துக்குப் பிறகு, 1950 நவம்பர் 7-இல் பாரத சாரணர் இயக்கமாக ஒன்றாயின. அடுத்த வருஷம் பெண் பிள்ளைகளின் சாரணியர் அமைப்பும் வந்து சேர்ந்தது. உங்கள் பிள்ளை நவம்பர் 7-ஆம் தேதி ஸ்டிக்கர் விற்க வருகிறானே, அந்த நாள்தான்.

ஒரே பள்ளியில் படித்தாலும் பிள்ளைகள் ஒன்றாகப் பழகுகிறார்கள் என்று சொல்ல முடியாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள், எந்தத் தெருப் பிள்ளை யாரோடு உட்காருகிறது என்று தெரியும். டப்பாவைத் திறக்காமல் மூடி மறைத்துச் சாப்பிடுகிற பிள்ளையும் தெரியும். முகாமில் ஒரே பானையில் சோறு. எந்த வீட்டு அரிசி என்று கேட்க முடியாது, எல்லாம் கலந்துதான் வேகிறது. என் மாமியார் முதல் முகாமுக்கு முன்னால், "யாரு யாரு வீட்டுப் பிள்ளைங்க வருது?" என்று கேட்டார். ஏன் கேட்டார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு அந்தப் பிள்ளைகள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கயிறு கட்டிப் பழகுகிறார்கள், அவர்களுக்கு மோர் கரைத்துக் கொடுப்பது மாமியார்தான்.

29 ஜூன் 2025

நான்கு குறிப்பாக நல்லதையே எழுதிவிட்டேன். நடக்கிற அநியாயத்தையும் எழுத வேண்டும்.

பெரியவன் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒரு விழா. வரவேற்புக்கு என்று சாரணப் பிள்ளைகளைக் காலை எட்டு மணிக்கே வாசலில் வரிசையாக நிறுத்தினார்கள். விருந்தினர் வந்தது பன்னிரண்டுக்கு. சித்திரை வெயில். தண்ணீர் குடிக்கவும் வரிசையை விட்டுப் போகக் கூடாது. இரண்டு பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். மற்றப் பிள்ளைகளே நிழலுக்குத் தூக்கிப்போய்க் காலை உயர்த்தி வைத்துக் காற்று வீசியிருக்கிறார்கள். 'பார்த்தீர்களா, முதலுதவிப் பயிற்சி பயன்பட்டது' என்று யாரோ பெருமையாகச் சொன்னார்கள். எனக்குக் கேட்கவே ஆத்திரமாக வந்தது. நிற்க வைத்ததே தப்பு.

பிள்ளைகளை விழாவுக்கு வேலி மாதிரி நிறுத்துவது சாரணியம் இல்லை. பொறுப்பைக் கொடுப்பது வேறு, ஏவல் வேலை வாங்குவது வேறு. பெற்றோர் இதைக் கேட்க வேண்டும். நாங்கள் நாலு அம்மாக்கள் சேர்ந்து போய்க் கேட்டோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்துவதில்லை, தண்ணீர் பாட்டில் கையில் இருக்கும் என்று அன்றைக்கே ஒப்புக்கொண்டார்கள். கேட்க யாரும் வராததால்தான் அதுவரை நடந்திருக்கிறது.

உங்கள் மகன் படையில் சனிக்கிழமை மூன்று மணி நேரமும் அணிவகுப்பு மட்டும்தான் நடக்கிறது என்றால், சார், உங்கள் சந்தேகம் நியாயம். பத்தாம் வகுப்பு என்ன, ஆறாம் வகுப்புக்கே அது வீண்.

6 ஜூலை 2025

சின்ன விஷயம் ஒன்று. போன வாரம் என் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து சறுக்கி விழுந்து முன்கையில் அடி. பெரியவன் தன் ஸ்கார்ஃபை எடுத்து, கையை மடக்கி நெஞ்சோடு சேர்த்துத் தொட்டில் கட்டிவிட்டான். நான் தைத்த துணி என் கண்ணெதிரே மருந்துச் சாமான் ஆனது. ஸ்கார்ஃப் ஏன் முக்கோணம் என்று நான்கு வருஷம் தைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ரீஃப் நாட் என்கிற முடிச்சை ஏன் முதலில் கற்றுத்தருகிறார்கள் என்பதும். அது தட்டையாக உட்காரும், தோலை உறுத்தாது, அவிழ்ப்பதும் சுலபம். அதையே ஒரு சுற்று மாற்றிப் போட்டால் வழுக்கிவிடும், பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

7 ஜூலை 2025

செவிலியராக இருக்கும் ஒரு தோழி திருத்தியிருக்கிறார், மற்றவர்களுக்கும் பயன்படும். கைத் தொட்டிலின் முடிச்சு பின்கழுத்தில் வரக் கூடாது, எலும்பில் அழுத்தும். கழுத்தின் பக்கவாட்டில், காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் வர வேண்டும். மணிக்கட்டு முழங்கையை விடக் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும். விரல் நுனி வெளியே தெரிய வேண்டும், நிறம் மாறுகிறதா, குளிர்கிறதா என்று பார்ப்பதற்கு. பெரியவனிடம் காட்டினேன். முடிச்சைப் பின்கழுத்தில்தான் போட்டிருந்தான். என் மேலேயே மூன்று தடவை கட்டிப் பார்த்து, சரியாக வந்த பிறகுதான் சாப்பிடப் போனான்.

வீட்டுக்காரருக்கு எலும்பு முறிவு இல்லை. விசாரித்தவர்களுக்கு நன்றி.

13 ஜூலை 2025

"எங்கள் கிராமத்தில் சாரணரும் இல்லை, ஒன்றும் இல்லை. இருப்பது இளைஞர் நற்பணி மன்றம்தான், அதில் என் மகனைச் சேர்க்கலாமா" என்று பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்.

அக்கா, என் தம்பி பதினெட்டு வயதில் மன்றத்தில் சேர்ந்தபோது எங்கள் அப்பா ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. அப்பாவின் பயமும் தப்பில்லை. பல ஊரில் மன்றம் என்பது ஒரு கட்சிக்கொடி, ஒரு நடிகர் படம், ஒரு கேரம் போர்டு. சாயங்காலம் ஆனால் பாட்டில். ஒரு தெருப் பையன்கள் மட்டும்தான் உள்ளே, மற்றத் தெரு வாசலோடு சரி. அப்படிப்பட்டதில் பிள்ளையைச் சேர்க்க நான் சொல்லமாட்டேன்.

ஆனால் கஜா புயலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை. எங்கள் அம்மா ஊரில் விடிந்து பார்த்தால் தென்னையும் பலாவும் படுத்துக் கிடக்கின்றன, தெரு எங்கே என்று தெரியவில்லை. அதிகாரிகள் வருவதற்கு முன்னால் மரத்தை அறுத்து வழி விட்டது மன்றத்துப் பையன்கள். என் தம்பிதான் சொன்னான். அவர்கள் எடுத்தவுடன் பெரிய ரோட்டுக்குப் போகவில்லை, முதலில் போனது ஊர்க் கோடியில் தனியாக இருந்த ஒரு பாட்டி வீட்டுக்கு. அடுத்து நிறைமாதக் கர்ப்பிணி இருந்த வீடு. யார் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யாரும் எழுதி வைத்துக் கொடுக்கவில்லை. பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு வருஷா வருஷம் வீடு வீடாக நன்கொடைக்கு ஏறி இறங்கியவர்கள் அவர்கள், அதனால் தெரிந்திருந்தது. கரண்டு இல்லாத அத்தனை நாளும் ஜெனரேட்டரை வண்டியில் வைத்துத் தெருத் தெருவாகத் தண்ணீர்த் தொட்டி நிரப்பியதும் அவர்கள்தான். அதற்குப் பிறகு அப்பா மன்றத்தைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

அதனால் பெயரைப் பார்க்காதீர்கள் அக்கா. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு நாள் போய் நில்லுங்கள். எல்லாத் தெருப் பையன்களும் இருக்கிறார்களா, கணக்கு நோட்டு இருக்கிறதா, வாங்கிய நன்கொடைக்கு ரசீது கொடுக்கிறார்களா, பதினைந்து வயதுப் பையனுக்கு ஏதாவது வேலை ஒப்படைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மத்திய அரசின் நேரு யுவ கேந்திரா 1972-இலிருந்து கிராம இளைஞர் மன்றங்களோடு வேலை செய்து வந்தது. அதில் பதிவு செய்த மன்றம் என்றால் கணக்கு வைத்திருக்கும் வாய்ப்பு கூடுதல்.

20 ஜூலை 2025

"பையனைப் பற்றியே எழுதுகிறீர்கள், உங்கள் மகளை அனுப்புகிறீர்களா?" என்று ஒருவர் கேட்டு ஆறு நாளாகிறது. அந்த ஆறு நாளும் இந்தப் பக்கம் நான் வரவில்லை.

அனுப்பவில்லை. சின்னவள் இந்த வருஷம் ஆறாம் வகுப்பு. சாரணியர் படையில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். சனிக்கிழமை வகுப்புக்குச் சரி என்றேன், ராத்திரி முகாமுக்கு மாட்டேன் என்றேன். "அண்ணன் போனப்ப அவனுக்கும் இதே வயசுதானே?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. இரண்டு வருஷம் போகட்டும் என்று மழுப்பினேன். இரண்டு வருஷம் கழித்து அவள் பெரிய மனுஷி ஆகியிருப்பாள், அப்போது இன்னும் அழுத்தமாக மாட்டேன் என்பேன். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்துவிட்டது.

இந்த வருஷம் பிப்ரவரி ஒன்றாம் தேதி மணப்பாறையில் நடந்த பெருந்திரளணியை, அதாவது சாரணர்களின் பெரிய முகாமை, பார்க்க இருவரையும் கூட்டிப்போனேன். வைர விழாப் பெருந்திரளணி, ஜனவரி 28-இலிருந்து பிப்ரவரி 3 வரை, நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள். ஆணி இல்லாமல் மூங்கிலையும் கயிற்றையும் வைத்தே கட்டிய நுழைவாயில்களைப் பெரியவன் ஒவ்வொன்றாக நின்று முடிச்சு முடிச்சாகப் பார்த்தான். சின்னவள் பார்த்தது வேறு. வடகிழக்குப் பக்கத்துப் பெண் பிள்ளைகள், அவள் வயதுதான் இருக்கும், இரண்டு மூன்று நாள் ரயிலில் வந்தவர்கள், கூடாரத்து வாசலில் உட்கார்ந்து தங்கள் துணியைத் தாங்களே துவைத்துக்கொண்டிருந்தார்கள். பாஷை தெரியாமல் அரை மணி நேரம் அவர்களோடு சிரித்துப் பேசினாள். திரும்பும்போது பஸ்ஸில் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஜூனில் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

மற்றவர் பிள்ளையை விட வேண்டாம் என்று ஜூன் மாதம் இங்கே வந்து அடித்துச் சொன்னேன். என் பிள்ளையைத் தடுத்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறேன். இதை எழுதாமல் மேலே எழுதியதெல்லாம் முழு உண்மை ஆகாது.

22 ஜூலை 2025

பள்ளிக்குப் போய்ச் சாரணிய ஆசிரியையைப் பார்த்தேன். முகாமில் பெண் ஆசிரியைகள் எத்தனை பேர் தங்குகிறார்கள், கழிப்பறை எங்கே, தாழ்ப்பாள் வேலை செய்கிறதா, ராத்திரி விளக்கு இருக்கிறதா, யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் வண்டி யாருடையது. எல்லாம் கேட்டேன். கோபப்படாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஒரு கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதை அவரே சொன்னார். நாளை ஆசாரியை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

27 ஜூலை 2025

பத்தாம் வகுப்புக் கேள்விக்குத் திரும்புகிறேன், அதுதானே இங்கே முதலில் கேட்டது. கேள்வி கேட்ட சார் மகனை நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறார். அவர் மகன் படையில் அணிவகுப்பைத் தவிர வேறில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாராம். பையனுக்கும் வருத்தம் இல்லையாம். அப்படியென்றால் அவர் முடிவு சரிதான். 'விட வேண்டாம்' என்று நான் முதல் நாளே சொன்னது அவசரம், அவர் பிள்ளையின் படையை நான் பார்த்ததில்லை.

என் வீட்டில் பெரியவனே முடிவு செய்தான். சாரணர் படிநிலைகளில் திருதிய சோபான் என்ற மூன்றாம் படியை முடித்துவிட்டான், அடுத்தது ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருது. கவர்னர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வரும் என்று வீட்டுக்காரருக்கு ஆசை. இவன் அணித்தலைவன் பொறுப்பை இறக்கி வைத்துவிட்டான். "சனிக்கிழமை ஒரு மணி நேரம் மட்டும் போறேன்மா. புதுத் தலைவனுக்குப் பட்டியல் போடக் கத்துக்குடுக்கணும்" என்றான். புதுத் தலைவன் யார் என்று கேட்டேன். பருப்பு கொண்டுவராத அந்தப் பையன். நீ சிபாரிசு செய்தாயா என்று கேட்டதற்கு, இல்லை, அணியே ஓட்டுப் போட்டது என்றான். அந்தப் பையன் ஆறு ஓட்டு வாங்கியிருக்கிறான்.

3 ஆகஸ்ட் 2025

சின்னவளின் முகாம் வருகிற பதினைந்தாம் தேதிக்குப் பிறகு, ஒரு ராத்திரி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். தாழ்ப்பாளும் போட்டாகிவிட்டது.

தன் பள்ளியில் புதிதாகப் படை தொடங்கப்போகும் ஆசிரியர் ஒருவர், 32 ஸ்கார்ஃபுக்கு எவ்வளவு துணி எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். முக்கோணத்தின் இரண்டு பக்கமும் 70-இலிருந்து 80 செ.மீ.க்குள் வர வேண்டும். 80 செ.மீ. சதுரமாக வெட்டி மூலைக்கு மூலை பிரித்தால் ஒரு சதுரத்தில் இரண்டு ஸ்கார்ஃப். ஆக 16 சதுரம். 90 செ.மீ. அகலத் துணி என்றால் 12.80 மீட்டர், முன்பின் கோணலுக்குச் சேர்த்துப் பதின்மூன்றரை எடுங்கள். மடித்து அடித்த பிறகு 77, 78 நிற்கும், அது போதும். பருத்தியாக இருக்கட்டும், பாலியெஸ்டர் முடிச்சில் வழுக்கும். எடுத்தவுடன் ஒரு தடவை நனைத்து உலர்த்திய பிறகு வெட்டச் சொல்லுங்கள். நீளப் பக்கம் கிராஸில், அதாவது துணியின் இழைக்குக் கோணலாக வரும், அதை இழுத்துப் பிடித்துத் தைத்தால் அலை அலையாக நெளியும். இழுக்காமல், துணியை அதன் போக்கில் விட்டு அடிக்க வேண்டும். உங்கள் ஊர்த் தையல்காரர் கூலி அதிகம் கேட்டால் துணியை எனக்கு அனுப்புங்கள், நூல் விலைக்குத் தைத்துத் தருகிறேன்.